திராட்சை ஜூஸ் கம்பெனி

பிளசன்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து இந்தியக் கடையில் நாவல்பழம் வந்திருக்கிறது. ஃப்ரீசரின் அடித்தட்டில், பரோட்டா பாக்கெட்டுக்கும் துருவிய தேங்காய்க்கும் நடுவே, கல்லாக உறைந்து கிடந்தது. வாங்கி வந்து, ஐஸ் விடும்வரை பொறுமையில்லாமல் நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டேன். முதலில் பல் கூசியது. அப்புறம் அந்தத் துவர்ப்பு நாக்கை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது. பாத்ரூம் கண்ணாடி முன்னால் போய் நாக்கை நீட்டிப் பார்த்தேன். நல்ல ஊதா. அறுபதை நெருங்குகிறவள் செய்கிற காரியமா இது என்று கேட்காதீர்கள். வீட்டில் யாரும் இல்லை.

இப்படி நாக்கு ஊதாவாகவே திரிந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள், நான் கொஞ்ச காலம் ஒயின் கம்பெனியில் வேலை பார்த்தவள். நம்மூர்க் காதில் ‘ஒயின்’ என்று விழுந்ததும் ‘ஷாப்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஒயின் ஷாப் இருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், ஊறுகாய் பாக்கெட்கூட இருக்கும். ஒயினை மட்டும் அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பெயர் ஒயின் ஷாப். பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பாமல் ரோட்டைக் கடக்க வேண்டும். இந்த ஒரு வார்த்தை கடல் கடந்து வந்து என்னைப் படாத பாடு படுத்தும் என்று அப்போது யார் கண்டது?

கல்யாணமாகி சான்டா கிளாராவுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். என் கணவர் சிவாவுக்கு கம்ப்யூட்டர் வேலை. எனக்கு வாய்த்தது வேலையே செய்யக்கூடாத விசா. ஊரில் சர்க்கரை ஆலை லேபில் கெமிஸ்டாக இருந்தேன், வெள்ளைக் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு. இங்கே குக்கர் விசிலை எண்ணுவதுதான் உத்தியோகம். சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவர்களை ஒரு மாதம் அந்த அபார்ட்மெண்டில் குடிவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். பைத்தியம் பிடிக்காமலிருக்க டிரைவிங் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதும் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. ஊரிலிருந்தும் நியூ ஜெர்ஸியிலிருந்தும் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் நான்தான் டிரைவர்.

சுற்றிக்காட்டும் வரிசை எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான். கோல்டன் கேட் பாலம், வளைந்து வளைந்து இறங்கும் அந்தத் தெரு, லிவர்மோர் கோயில், கடைசியில் ஒயினுக்குப் பேர்போன நாபா. நாபாவில் ஆண்கள் உள்ளே போய் ருசி பார்ப்பார்கள், பெண்கள் வெளியே புல்தரையில் புளிசாதம் பிரிப்போம். பெருங்காய வாசனை கிளம்பியதும் பக்கத்து மேஜைக்காரர்கள் மூக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஒருமுறை தொப்பி போட்ட ஒரு பெரியவர், அந்த ஒயினரியின் முதலாளியேதான், எழுந்து வந்து என்ன வாசனை என்று விசாரித்து, ஒரு பேப்பர் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு போனார். அதை எதனோடு சாப்பிட்டாரோ தெரியாது. உள்ளே போன நம்மவர்கள் அவருடைய ஆட்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இதுல எத்தனை பெர்சென்ட்?”

சிவா மட்டும் உள்ளே போகமாட்டார். எங்களோடு உட்கார்ந்து வத்தல் கடிப்பார். அவருடைய அப்பா குடித்தே போனவர். ரெவின்யூ ஆபீசில் வேலை, சாயங்காலமானால் பிராந்தி. ஈரல் கெட்டு, சிவா காலேஜ் முடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார். அதைப் பற்றி சிவா என்னிடம் பேசியது மொத்தம் ஒரே தடவை, அதுவும் லைட்டை அணைத்த பிறகு. எங்கள் வீட்டில் கேக்கில் ரம் எசென்ஸ்கூடக் கிடையாது.

அப்படிப்பட்டவர் கடைசியில் ஒரு ஒயினரிக்குள் கால் வைத்தார் என்றால் அதற்குக் காரணம் கதிர். சிவாவின் காலேஜ் சிநேகிதர், நியூ ஜெர்ஸிப் பக்கம் பிஸ்கட்டவேயில் மருந்துக் கம்பெனியில் இருந்தார். ஆபீஸ் டின்னரில் மேலதிகாரி ஒயின் கிளாஸைச் சுழற்றும்போது தானும் சுழற்றாவிட்டால் புரமோஷன் போய்விடும் என்று யாரோ அவரை நம்பவைத்திருந்தார்கள். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, “டேய், நிறுத்தச் சொல்லுடா, போர்டு இருக்கு பாரு!” என்று கத்தினார். லிவர்மோரில் அது ஒரு விசேஷம். கோயிலும் திராட்சைத் தோட்டமும் ஒரே ஊரில். தூரத்து மேட்டில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, நெற்றியில் குங்குமத்தோடு தோட்டத்துக்குள் காரைத் திருப்பினேன்.

தகரக் கூரை போட்ட பழைய கொட்டகை. முதலாளி, ஒயின் செய்பவர், பாத்திரம் கழுவுபவர் எல்லாம் ஒரே ஆள்தான். ரே என்று பெயர். கதிர் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே கிளாஸ் வாங்கினார். சிவா வாயைத் திறக்கமாட்டார் என்று தெரிந்தும், “சும்மா டேஸ்ட் பண்ணுடா” என்று ஒரு நப்பாசை. கிளாஸ் பொது என்றாகிவிட்டது. பொதுக் கிளாஸில் வாய் வைக்கலாமா? எச்சில் பண்ணாமல் குடித்து வளர்ந்த பிள்ளை. புத்தகத்தில் படித்தபடி கிளாஸை நன்றாக மூன்று சுற்றுச் சுற்றினார், மோந்து பார்த்தார், கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு தலையை அண்ணாந்து, கிளாஸை உயரத் தூக்கி, சொம்புத் தண்ணீர் குடிப்பதுபோல் ஊற்றினார். சொம்புக்கு மடிந்த விளிம்பு உண்டு, ஒயின் கிளாஸுக்கு ஏது? பாதி வாய்க்குள், மீதி கோயிலுக்கென்று போட்டிருந்த சந்தனக் கலர் சட்டையில்.

ரே சிரிக்கவில்லை. இது ஏதோ நம் நாட்டு முறை போலிருக்கிறது என்று மரியாதையாக நின்றார். அப்புறம் சோடாவும் துணியும் கொண்டுவந்து, தானே சட்டையைத் துடைத்துவிட்டார். அந்த அமளியில் நான் மேஜைமேல் நின்ற நீள கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். திராட்சைச் சாறும் அதற்குள் மிதக்கும் பிரிக்ஸ் மீட்டரும். வருஷக்கணக்காகப் பார்க்காத சொந்தக்காரரை ஏர்போர்ட்டில் பார்த்ததுபோல் இருந்தது. சாறில் எவ்வளவு சர்க்கரை என்று கரும்புக்கு நாங்கள் பார்ப்பதும் அதேதான். குனிந்து, “இருபத்தி நாலரை” என்று வாய்விட்டுப் படித்துவிட்டேன். எங்கள் ஆலையில் இருபதைத் தொட்டாலே மேனேஜர் சிரிப்பார். ரே துணியைக் கதிர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். வொர்க் பர்மிட் வந்தால் என்னைக் கூப்பிடு என்று கார்டு கொடுத்தார்.

மறு வருஷம் பர்மிட் வந்தது. கம்ப்யூட்டர் கோர்ஸ் படி, ஒய்டூகே வேலை கொட்டிக்கிடக்கிறது என்று சிவா எவ்வளவோ சொன்னார். எனக்கு அந்தக் கண்ணாடிக் குழாய்தான் கண்ணில் நின்றது. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் அவராகவே ஒரு ஒப்பந்தத்தோடு வந்தார். “போ. ஆனா அம்மாகிட்ட வைனுன்னு வாயத் தொறக்காத. ஜூஸ் கம்பெனின்னு சொல்லிக்கலாம்.” அன்று இரவே ஃபோன் கார்டை உரசி நம்பர் போட்டு ஊருக்குப் பேசினார். மறுமுனையில் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், சந்தோஷமாகச் சொன்னது இந்தப் பக்கம் வரை கேட்டது. “அங்க கரும்புச் சாறு, இங்க திராட்சைச் சாறா? நல்ல பொருத்தம்தான் சாமி!”

ரேயிடம் நான் கற்றது நிறைய, அதில் முதலாவது துப்புவது. ருசி பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும், நாலு பேர் முன்னால், ஒரு வாளியில், தெறிக்காமல். எங்கள் அம்மா பார்த்திருந்தால் வாயிலேயே போட்டிருப்பார். ஆனால் எனக்கு அது பெரிய வசதி. நாளைக்கே குட்டு உடைந்தால் ‘நான் குடிக்கலைங்க அத்தை, துப்பிட்டேன்’ என்று ஒரு வாதத்தைத் தயாராக வைத்திருந்தேன். ரேயின் பழைய டிரக்கில் மற்ற ஊர்களுக்கும் திராட்சை பார்க்கப் போவோம். லோடையில் ஒரு அம்மாள், ஆறடி உயரம், திராட்சையைத் தின்று விதையைக் கடித்துப் பார்த்து, “இன்னும் ஒரு வாரம்” என்பார். அவர் சொன்னால் மீட்டர் என்ன காட்டினாலும் ரே ஒரு வாரம் காத்திருப்பார். வடக்கே கடல் மூடுபனி இறங்கும் ஒரு பள்ளத்தாக்கில் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் ஒயின் செய்வார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அண்ணன் ஒயினைத் தம்பியிடமும் தம்பி ஒயினை அண்ணனிடமும் ரகசியமாக எடுத்துப்போய்க் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு வருவது ரேயின் வேலை. நம்ம ஊர்ப் பங்காளிகள் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ரேயின் தோட்டத்தில் பெட்டீட் சிரா என்று ஒரு கறுப்புத் திராட்சை. அதன் ஒயின் பேனா மை மாதிரி இருக்கும். முதல் தடவை வாயில் வைத்ததும் “நாவல்பழம்” என்றேன். அவருக்குத் தெரியவில்லை. துவர்ப்பு என்றேன், அதுவும் தெரியவில்லை. அவர்கள் அதற்கு உலர்ந்தது, பிடிக்கிறது, தோல் மாதிரி என்று ஊரைச் சுற்றி வருவார்கள். பாக்கும் மாதுளங்காய்த் தோலும் தின்ற நமக்கு ஒரே வார்த்தை. ரே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அப்புறம் ஒவ்வொரு பீப்பாயைத் திறக்கும்போதும் என்னைப் பார்த்து, “டூவர்? டூ மச் டூவர்?” என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் அத்தை வந்து இறங்கினார். ஆறு மாச விசிட். அதற்குள் நாங்கள் பிளசன்டனில் கராஜ் வைத்த வீட்டுக்கு மாறியிருந்தோம். சிவா காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர்போல் திரிந்தார். பயம் அவருக்குக் குட்டு உடைவதில் மட்டுமல்ல. அப்பாவின் பெயரோடு சேர்த்துப் புதைத்த விஷயம் மருமகளின் சம்பளமாக வீட்டுக்குள் வருகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான். அத்தைக்குத் தெரிந்த அன்றைக்கே நான் வேலையை விட வேண்டும் என்று பேச்சு. நானும் சரி என்றிருந்தேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அத்தை என்னடாவென்றால் வந்த வாரமே, “ஜூஸ் கம்பெனில இருக்கறவ, ஒரு பாட்டலு ஜூஸ் கொண்டாந்து கண்ணுல காட்டக்கூடாதா?” என்றார். சிவா சூப்பர் மார்க்கெட்டில் திராட்சை ஜூஸ் வாங்கி, காரிலேயே உட்கார்ந்து லேபிளைச் சுரண்டி எடுத்து, “இவ கம்பெனிதும்மா” என்று நீட்டினார். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “இனிப்பு சாஸ்திதான். இருந்தாலும் உன்ற பொண்டாட்டி செஞ்சதாச்சே” என்று மீதியையும் குடித்தார். அதிலிருந்து வாரம் ஒரு பாட்டில். காரின் முன் சீட்டுக்கு அடியில் சுரண்டிய லேபிள் சுருள்சுருளாகக் கிடக்கும்.

கோயிலில் அத்தைக்கு சிநேகிதம் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது. எதற்கும் ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிற சரோஜா ஆன்ட்டி என்று ஒருவர், பெரிய வேன் வைத்திருந்தவர். திராட்சை அறுவடை நடக்கிற செப்டம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, நான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பிழியும் இயந்திரத்தில் திராட்சை கொட்டிக்கொண்டிருந்தேன். தூசியைக் கிளப்பிக்கொண்டு அந்த வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது அத்தை. பட்டுப் புடவை, தலையில் கோயில் பூ. பின்னாலேயே நாலு ஆன்ட்டிகள். “இதாங்க என்ற மருமக கம்பெனி!”

கொட்டகைக்குள் ஆளுயரத்துக்குப் பீப்பாய்கள், சுவரெல்லாம் பாட்டில்கள். ரேவுக்கு என் வீட்டு ஜூஸ் கதை தெரியும். அவர் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு என் காதருகே, வருஷத்தில் இந்த ஒரு மாதம் அது பொய்யே இல்லை என்றார். இயந்திரத்தின் வாயிலிருந்து அப்போதுதான் பிழிந்த சாறு வடிந்துகொண்டிருந்தது. இன்னும் புளிக்காத, வெறும் திராட்சைச் சாறு. அதை ஜக்கில் பிடித்து, ஐந்து பேருக்கு இரண்டே கிளாஸோடு வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அத்தை தலையை அண்ணாந்திருந்தார். கிளாஸ் ஒரு சாண் உயரத்தில். சாறு கம்பிபோல் இறங்கியது. பட்டுப் புடவையில் ஒரு சொட்டு விழவில்லை. கதிரின் சட்டையைத் துடைத்த ரே, பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷமாக அவருக்கிருந்த சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும்.

ஆன்ட்டிகள் வேனில் போக, அத்தை என்னோடு காரில் வருவதாகச் சொன்னார். மேடெல்லாம் காய்ந்த புல்.

“ஜூஸ் நல்லாருந்துச்சு” என்றார்.

“ஆமாங்க அத்தை.”

“நான் வந்த மொத நாளே தெரியுங் கண்ணு எனக்கு.”

“எப்படிங்க அத்தை?”

“உன்ற துணில. இருபது வருசம் அந்த வாசத்தோட படுத்து எந்திரிச்சவ. எனக்குத் தெரியாதா?” ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். குரலில் கோபம் இல்லை, பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல் இருந்தது.

அந்த ‘துப்பிட்டேன்’ வாதத்தை நான் எடுக்கவே இல்லை. “வேலையை விட்டுடறேங்க அத்தை” என்றேன்.

“எதுக்கு?” சட்டென்று திரும்பினார். “எனக்குன்னு ஒரு வேல இருந்திருந்தா, பையனத் தூக்கிட்டு என்னைக்கோ வெளிய போயிருப்பேன். அந்த வாசத்த சகிச்சுட்டு எதுக்கு உக்காந்திருக்கறேன்? விடறாளாமா, விடறது.” பிறகு, “ஊட்டுக்குள்ள மட்டும் அந்தத் துணியோட வராத. கராஜுலயே மாத்திப்போட்டு வா. அவங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லாத. மறைச்சுட்டதா நெனச்சுட்டு இருக்கட்டும் பாவம்.”

அன்றிலிருந்து அதுதான் சட்டம். கராஜில் வாஷிங் மெஷினுக்கு மேலே ஒரு கொக்கி அடித்தேன். வேலைச் சட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு, கை கழுவி, வேறு உடுத்துக்கொண்டுதான் உள்ளே. சிவா வாராவாரம் லேபிள் சுரண்டினார். அத்தை வாராவாரம் ஜூஸ் குடித்தார். எனக்கு ரெண்டு பேரையும் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், ஒருமாதிரி பாவமாகவும் இருக்கும்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. ரேவுக்கு முதுகு போய், பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் வராமல், தோட்டத்தை வீடு கட்டுபவர்களுக்கு விற்றுவிட்டு மகளோடு டெக்சஸுக்குப் போய்விட்டார். கொடியைப் பிடுங்கின இடத்தில் வீடுகள். தெருக்களுக்குத் திராட்சையின் பெயர்களை வைத்திருக்கிறார்கள், அதற்குக் குறைச்சல் இல்லை. போன நவராத்திரிக்கு அதில் ஒரு வீட்டுக்குக் கொலு பார்க்கப் போனேன். பிழியும் இயந்திரம் நின்ற இடம் அந்த வீட்டின் டைனிங் ஹாலாக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு சுண்டல் சாப்பிட்டேன். அந்த வீட்டுக் குழந்தையிடம், இங்கே முன்னால் ஒயின் செய்தார்கள் என்று தமிழில் சொன்னேன். “ரியலி? ஹியர்?” என்றுவிட்டு ஓடிவிட்டது. சரோஜா ஆன்ட்டியின் வேன் இல்லை. ஃபோன் கார்டு இல்லை. அத்தையும் இல்லை, ஊருக்குத் திரும்பி நாலைந்து வருஷத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். சிவாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தை ஊருக்குக் கிளம்பிய வாரம். பெட்டி கட்டும்போது சேர்ந்த அழுக்குத் துணியை மெஷினில் போடலாமென்று வீட்டுக்குள்ளிருந்து கராஜ் கதவைத் திறந்தேன். அத்தை அங்கே நின்றிருந்தார். கொக்கியில் கிடந்த என் வேலைச் சட்டையை இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் வைத்திருந்தார். மூச்சை நன்றாக இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு. ஓசைப்படாமல் போய்விடலாமென்று பின்வாங்கினேன், செருப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. அத்தை பதறவில்லை. சட்டையை மெதுவாக இறக்கினார்.

“சரியாவே தொவைக்கறதில்ல நீயி” என்றார்.

மெஷின் பக்கத்திலேயே இருந்தது, மூடி திறந்துதான் கிடந்தது. ஆனால் அவர் சட்டையை அதில் போடவில்லை. தோளை நீவிவிட்டு, திரும்பக் கொக்கியிலேயே மாட்டிவிட்டு உள்ளே போனார்.

சட்டை இன்னும் கராஜில் இருக்கிறது. நாவல்பழத்தைத் தின்ற வாயோடு இன்றைக்குப் போய் எடுத்து முகர்ந்து பார்த்தேன். எத்தனையோ தடவை துவைத்துவிட்டேன். சோப்பு வாசனைதான் வருகிறது.